செல்வத்தின் ரிப்போர்ட்டும் உன் பெரிய அத்தையும்

அன்புள்ள வேலு,

உன் தம்பி செல்வத்தின் புராஸ்டேட் புற்று (ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியில் வருவது) பற்றி நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரிப்போர்ட்டுகளை எல்லாம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பாதி உன் கட்டைவிரல்தான் தெரிகிறது, அதை மட்டும் மறுபடி எடுத்து அனுப்பு. நங்கநல்லூரில் எல்லோரும் சௌக்கியம். வெயில்தான் தாங்கவில்லை.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். "அப்பா போன வழியிலேதான் நானும் போவேன், எதுக்கு வயலை வித்து வைத்தியம் பண்ணணும்" என்று செல்வம் சொல்கிறான் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது, அப்புறம் யோசித்தால் அவனைக் குறை சொல்லவும் முடியவில்லை. எங்கள் வீட்டில் அப்பா, அண்ணன், நான் என்று மூன்று பேருக்கு இதே புற்று வந்தது. எனக்கு பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் சோதனை) முடிவு வந்த அன்று என் மனசுக்குள் ஓடியதும் இதே வசனம்தான்.

ஆனால் அப்பாவுக்கு எப்போது தெரிந்தது என்று பார். அது 1987. இடுப்பு வலி என்று மாதக்கணக்கில் தைலம் தேய்த்தோம். கடைசியில் எக்ஸ்ரே எடுத்தபோது எலும்பெல்லாம் பரவியிருந்தது. அந்தக் காலத்தில் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை நம் ஊரில் யாருக்கும் தெரியாது. இந்த நோயைக் கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்காவிலேயே 1994-ல்தான் அனுமதி கொடுத்தார்கள். அப்பாவுக்குச் செய்ய முடிந்தது விதைகளை எடுத்துவிடும் ஆபரேஷன் மட்டும்தான். ஆண் ஹார்மோனை நிறுத்தினால் இந்தப் புற்று சுருங்கும் என்று 1941-ல் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார், 1966-ல் அதற்காக நோபல் பரிசும் வாங்கினார். சுருங்கும், ஆனால் எலும்புக்குப் போன பிறகு அடியோடு போகாது. உன் அப்பா கதையும் ஏறக்குறைய இதேதான், மூத்திரம் அடைத்துக்கொண்ட பிறகுதானே தென்காசியிலிருந்து மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள்? அவர்கள் இரண்டு பேரையும் கொண்டுபோனது தாமதம். அது ரத்தத்தில் வருவதில்லை.

குடும்பத்தில் இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு கூடுதல், அதில் சந்தேகமே இல்லை. அப்பாவுக்கோ கூடப்பிறந்தவனுக்கோ இருந்தால் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்கிறார்கள், அப்பாவைவிட சகோதரனுக்கு இருந்தால் இன்னும் கொஞ்சம் அதிகம். (ஆகவே நீயும் இந்த மாதமே பி.எஸ்.ஏ. பார்த்துவிடு, தம்பிக்காக அலைகிறேன் என்ற சாக்கு வேண்டாம்.) ஆனால் வருவது வேறு, வந்த பிறகு வைத்தியம் பலிப்பது வேறு. ஆபரேஷனோ ரேடியேஷனோ செய்துகொண்டவர்களை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் வந்த ஓரிரு ஆய்வுகள் குடும்பத்தில் இருந்தவர்களுக்குத் திரும்ப வருவது அதிகம் என்றன. பிறகு பெரிய அளவில் பார்த்தபோது, பி.எஸ்.ஏ. அளவு, கிளீசன் ஸ்கோர் (பயாப்ஸியில் புற்று எவ்வளவு முரடாகத் தெரிகிறது என்பதற்குப் போடும் மதிப்பெண்), எவ்வளவு பரவியிருக்கிறது என்ற மூன்றும் ஒரே மாதிரி இருந்தால் இரண்டு தரப்பாருக்கும் பெரும்பாலும் ஒரே பலன்தான் என்று தெரிந்தது. டாக்டர்கள் அந்த மூன்றையும்தான் முதலில் பார்க்கிறார்கள். அப்பாவுக்கு இருந்தது என்று தெரிந்தவன் சீக்கிரமே ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுகிறான், அதனால் சின்னதாக இருக்கும்போதே மாட்டுகிறது. ஒரு விதத்தில் அது நமக்கு லாபம்.

செல்வத்தின் ரிப்போர்ட்டில் கிளீசன் 3+4, பி.எஸ்.ஏ. 11, கண்ணுக்குத் தெரிந்தவரை எலும்பில் ஒன்றுமில்லை. நடுத்தர ரகம் என்பார்கள். நான் டாக்டர் இல்லை, ஆனால் இது கையைக் கழுவிவிட்டு உட்காரும் நிலைமை இல்லை என்பது எனக்கே தெரிகிறது. இங்கிலாந்தில் புராஸ்டேட்டுக்குள்ளேயே நிற்கும் புற்று உள்ள 1,643 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஆபரேஷன், ஒரு பிரிவுக்கு ரேடியேஷன், மற்றவர்களைக் கண்காணிப்பில் மட்டும் வைத்துப் பார்த்தார்கள். 15 வருஷம் கழித்து 2023-ல் கணக்கெடுத்தபோது இந்தப் புற்றால் இறந்தவர்கள் மூன்று பிரிவிலுமே 100-க்கு இரண்டு மூன்று பேர் அளவுக்குத்தான். அதில் பெரும்பாலோர் செல்வத்தைவிட லேசான ரகம், அதனால் அப்படியே அவனுக்குப் பொருத்திவிடக் கூடாது. ஆனாலும் அப்பா போன வழி ஒன்றுதான் வழி என்று சொல்கிறவனுக்கு இதைப் படித்துக் காட்டு.

இப்போது உன் பெரிய அத்தை. இதற்காகத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். நாம் காலேஜில் படித்தபோது உன் வீட்டுக்கு வந்திருந்தேன் இல்லையா, அப்போது பின்கட்டில் படுத்திருந்தார்கள், எப்போதும் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு. "மாரில் கட்டி" என்று உன் அம்மா என் காதில் மட்டும் சொன்னார்கள். நாற்பது வயதுகூட இருக்காது என்று நினைக்கிறேன். இதை டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். எனக்கு முதலில் பார்த்த பெரிய ஆஸ்பத்திரியிலேயே சீட்டு எழுதிய பெண் "ஃபேமிலில சுகர், பிரஷர் இருக்கா சார்?" என்று கேட்டுவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் அடுத்த கட்டத்தில் கோடு போட்டுவிட்டாள். அவர்கள் கேட்கவில்லை என்றால் நாமும் சொல்வதில்லை. நம் வீடுகளில் யாருமே கேன்சரில் சாகவில்லை, கவனித்திருக்கிறாயா? பெரியப்பாவுக்கு மூத்திர அடைப்பு, சித்திக்கு வயிற்றில் கட்டி, இன்னொருவருக்கு "அந்த வியாதி". பெண் கொடுக்கல் வாங்கல் கெட்டுவிடும் என்று பேரையே மறைத்துவிட்டார்கள். பேரன் காலத்தில் ரிப்போர்ட்டை நீட்டி குடும்ப விவரம் கேட்டால் என்னத்தைச் சொல்வது?

அத்தை ஏன் முக்கியம் என்றால், பி.ஆர்.சி.ஏ.2 என்று ஒரு மரபணு இருக்கிறது. அது பழுதானால் பெண்களுக்கு மார்பிலும் சினைப்பையிலும், ஆண்களுக்கு புராஸ்டேட்டிலும் புற்று வரும் வாய்ப்பு கூடும். அப்பாவிடமிருந்தும் வரலாம், அம்மாவிடமிருந்தும் வரலாம். நான் மேலே சொன்ன "பலன் ஒன்றுதான்" என்பதற்கு இது விலக்கு. இந்தப் பழுது இருப்பவர்களுக்கு நோய் வேகமாகப் போகிறது, சீக்கிரம் பரவுகிறது, ஆபரேஷனுக்கும் ரேடியேஷனுக்கும் மற்றவர்கள் அளவுக்கு அடங்குவதில்லை. அதனால் "பொறுத்துப் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் இரண்டு முறை யோசிக்க வேண்டும், வைத்தியம் முடிந்த பிறகும் நெருக்கமாகக் கவனிக்க வேண்டும். ஒருவேளை பின்னால் பரவினாலும் இந்தப் பழுது உள்ளவர்களுக்கென்றே ஓலாபரிப் என்ற மாத்திரை 2020-லிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. தெரிந்துகொள்வதில் நஷ்டம் எதுவும் இல்லை. ரத்தம் கொடுத்தால் போதும், சென்னையிலேயே செய்கிறார்கள். எங்கள் வீட்டில் மூன்று பேர் என்பதால் எனக்கும் எடுத்தார்கள், அந்த மாதிரி எதுவும் இல்லை என்று வந்தது. செல்வத்துக்கு இருந்தால் உனக்கும், உன் பெண்ணுக்கும், அத்தையின் மகள் ராஜி அக்காவுக்கும் பார்க்க வேண்டிவரும். சங்கடமான பேச்சுதான். ஆனால் நீதான் பேசியாக வேண்டும், செல்வம் பேச மாட்டான்.

ஆபரேஷனா ரேடியேஷனா என்று கேட்டிருந்தாய். அண்ணன் ஆபரேஷன் செய்துகொண்டான், கொஞ்ச காலம் மூத்திரம் சொட்டியது, பயிற்சி செய்து சரியாகிவிட்டது. ரோபோ என்று பெரிய போர்டு வைத்திருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த டாக்டர் இதுவரை எத்தனை செய்திருக்கிறார் என்று கேள், அதுதான் கணக்கு. நான் ரேடியேஷன் எடுத்தேன், என் அத்தை இன்னும் "கரண்ட் வெச்சாங்க" என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது 20 சிட்டிங்கில் முடிக்கிறார்கள். வலியே இல்லை. மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் குடல் கதிரின் பாதையிலிருந்து விலகி நிற்கும், அதனால் காலையில் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிப்போம். மெஷின் மக்கர் பண்ணி அரை மணி தாமதமானால் ரிட்டயர்டு ஆபீசர்கள் எல்லாம் காலைப் பின்னிக்கொண்டு நெளிவதைப் பார்க்க வேண்டும். ரேடியேஷனோடு போட்ட, ஆண் ஹார்மோனை நிறுத்தும் ஊசிதான் படுத்தியது. ஏசியில் உட்கார்ந்திருந்தாலும் திடீரென்று உடம்பு கொதித்து சட்டை நனைந்துவிடும். "நான் சொன்னப்போ ஃபேனுக்குக் கீழே போய் உக்காருன்னீங்களே" என்று, மாதவிலக்கு நின்ற காலத்தில் இதே பாடுபட்ட என் மனைவி கமலா இன்றைக்கும் விடுவதில்லை.

அப்புறம், ரேடியேஷனுக்குப் பிறகு பி.எஸ்.ஏ. மெதுவாகத்தான் இறங்கும், நடுவில் சின்னதாக ஏறி மறுபடி இறங்கவும் செய்யும், அதற்கெல்லாம் தூக்கம் கெட வேண்டாம். இறங்கிய ஆகக் குறைந்த அளவுக்கு மேல் 2 ஏறினால்தான் திரும்பி வந்ததாகக் கொள்கிறார்கள். ஆபரேஷனுக்குக் கணக்கே வேறு, அதில் 0.2 தொட்டாலே உஷாராகிவிடுவார்கள்.

வயலை விற்பதற்கு முன்னால் முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார். அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டிலும் காட்டலாம். 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி அதை ஆரம்பித்ததே தன் தங்கை புற்றுநோயில் இறந்ததைப் பார்த்துத்தான். வரும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது, பயாப்ஸி கண்ணாடித் தகடுகளையும், சதைத் துணுக்கைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் லேபில் கேட்டு வாங்கிக்கொண்டு வா, இங்கே மறுபடி பார்ப்பார்கள். பொதிகையில் வந்தால் தாம்பரத்தில் இறங்கிவிடுங்கள், எழும்பூர் வரை போக வேண்டாம், நான் வண்டியோடு வருகிறேன். மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

அத்தைக்கு என்ன வயதில் வந்தது என்று ராஜி அக்காவிடம் கேட்டு எழுது. உன் அம்மா வழியில் யாராவது இருந்தால் அதையும்.

அன்புடன்,
சந்துரு