நம் பொது டிராக்டர் மீண்டும் உழவுக்கு இறங்க உங்கள் நன்கொடை தேவை

அன்புள்ள உறுப்பினர்களுக்கும் நலம்விரும்பிகளுக்கும் வணக்கம்.

கொட்டகையில் நின்றுபோன நம் பொது டிராக்டரைப் பழுதுபார்ப்பதா, பிரித்து உதிரி பாகங்களாக விற்றுவிடுவதா என்ற கேள்விக்குக் குழு விடை கண்டுவிட்டது. பழுதுபார்க்கிறோம். அதற்கான தொகையில் ஏறக்குறைய பாதிதான் பொதுக் கணக்கில் இருக்கிறது. மீதியை உங்களிடம் கேட்கவே இந்த வேண்டுகோள்.

விற்றுவிடலாம் என்று சொன்னவர்கள் அக்கறையில்லாமல் சொல்லவில்லை. பழைய வண்டியில் ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது கிளம்பும் என்பது அவர்கள் பட்டறிந்த உண்மை. அதனால்தான் கைதூக்கி முடிவெடுக்காமல், முதலில் வண்டியைச் சோதித்துப் பார்த்தோம்.

இன்ஜின் சூடேறியதும் நீலப் புகை தள்ளியது. எண்ணெய் எரிகிறது என்று அதற்குப் பொருள். காலையில் கிளப்பும்போது வெண்புகையும் வந்தது. இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸின் மூச்சுக்குழாயில் கையை வைத்தால் காற்று அடித்துத் தள்ளியது. டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்று அமுங்கும் அழுத்தம், அளந்தார் மெக்கானிக். மூன்றில் இரண்டு பலவீனமாக இருந்தன. அந்த இரண்டிலும் சிறிது இன்ஜின் ஆயில் ஊற்றி மீண்டும் அளந்தபோது அழுத்தம் ஏறியது. வால்வோ கேஸ்கட்டோ கெட்டிருந்தால் அப்படி ஏறாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள தேய்ந்த ரிங்கின் இடைவெளியை ஆயில் சிறிது நேரம் அடைப்பதால்தான் ஏறுகிறது. ஆகவே பிஸ்டன் ரிங்கும், சிலிண்டரின் உள்ளுறையான லைனரும் தேய்ந்திருக்கின்றன. சூடான பிறகு ஆயில் அழுத்தம் தாழ்வதால் பேரிங்குகளையும் மாற்ற வேண்டியிருக்கும்.

இவை எல்லாமே தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பாகங்கள். லைனரைத் தனியாகச் செய்து பொருத்துவதே, அது தேய்ந்தால் மாற்றிவிட்டு பிளாக்கைக் காப்பாற்றத்தான். பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்ட் ஓரளவு தேய்ந்திருந்தாலும் லேத்தில் 0.25 மில்லிமீட்டரோ 0.50 மில்லிமீட்டரோ கடைந்து, அதற்கேற்ற அளவில் பேரிங் போடலாம். அதே சமயம் எதைத் திரும்ப வாங்குவது கடினமோ அது நம் வண்டியில் நன்றாக இருக்கிறது. கியர்பாக்ஸில் சத்தமில்லை. ஹைட்ராலிக் தூக்கிய கலப்பையை இறங்கவிடாமல் பிடித்து நிற்கிறது. பின்பக்க ஹவுசிங்கில் விரிசல் இல்லை. லாரிக்கு இருப்பதுபோல் டிராக்டருக்குத் தனி இரும்புச் சட்டகம் (சேஸி) கிடையாது. இன்ஜின் பிளாக்கும் கியர்பாக்ஸ் கூடும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைந்து அவையே உடம்பாக நிற்கின்றன. அந்த உடம்பு உடைந்திருந்தால், விற்போம் என்றே நாங்களும் சொல்லியிருப்போம்.

பிரித்து விற்கும் கணக்கையும் போட்டுப் பார்த்தோம். உதிரி வாங்க வருபவர் எதைக் கேட்பார்? டீசல் பம்ப், ஹைட்ராலிக் பம்ப், ஸ்டார்ட்டர் மோட்டார், கியர் செட், பின் டயர்கள். நம்மிடம் நன்றாக இருப்பவை எவையோ அவைதான் முதலில் போகும். தேய்ந்த இன்ஜினும் கனத்த வார்ப்புக் கூடும் கடைசியில் பழைய இரும்பு விலைக்குத்தான் எடையேறும். பிரிப்பதற்கான கூலி, கழிவு எண்ணெயையும் பேட்டரியையும் மண்ணில் கலக்காமல் ஒப்படைக்கும் பொறுப்பு, எல்லா பாகமும் விற்கும்வரை காத்திருப்பது எல்லாம் நம் தலையில் விழும். கிடைக்கும் பணத்தில் இன்னொரு டிராக்டர் வாங்க முடியாது. பழுதுபார்க்கும் செலவோ, ஓடும் நிலையிலுள்ள இதே வயதுடைய வண்டியை வாங்க ஆகும் தொகையில் பாதியைக்கூட எட்டவில்லை. அப்படி வாங்கினாலும் அதன் இன்ஜினுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

கருவிகளையும் மறக்கக் கூடாது. ஹாரி ஃபெர்குசன் உருவாக்கி 1939இல் ஃபோர்டு டிராக்டரில் வந்த, கருவியை வண்டியின் பின்னால் மூன்று இடங்களில் மாட்டும் மூன்று புள்ளி இணைப்பு இன்று உலகம் முழுவதும் பொதுவாகிவிட்டது. அதனால்தான் நம் கலப்பையும் கல்டிவேட்டரும் இந்த வண்டியில் அப்படியே பொருந்துகின்றன. பெரிய டிராக்டருக்கு மாறினால் கருவியை மாட்டும் கீழ்க்கை ஊசியின் தடிமனே 22 மில்லிமீட்டரிலிருந்து 28 மில்லிமீட்டராகிவிடும். கருவிகளையும் மாற்றவோ திருத்தவோ நேரும்.

ஆனால் எங்களை முடிவு எடுக்க வைத்தது இரும்புக் கணக்கு மட்டுமல்ல. மழை பெய்து ஈரம் பதமாக இருக்கும் நாட்கள் சிலவே. அந்த நாட்களில் வாடகை டிராக்டர் முதலில் பெரிய நிலத்துக்குத்தான் போகிறது. துண்டு நிலம் வைத்திருப்பவரின் முறை வரும்போது மண் இறுகிவிடுகிறது. பொது டிராக்டர் இருந்தவரை முறைப் பட்டியலில் எல்லோருக்கும் ஒரே வரிசைதான். அந்த வரிசையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதில் குழுவில் இரண்டு கருத்து இல்லை.

நன்கொடை இவற்றுக்குச் செலவாகும்: லைனர், பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட் செட், லேத் வேலை, இன்ஜெக்டர் நாசில் சோதனை, ரேடியேட்டர் சுத்தம். கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் இப்போதே மாற்றுகிறோம். அவற்றைத் தொட வண்டியை நடுவே இரண்டாகப் பிரிக்க வேண்டும். அந்தக் கூலியை இரண்டு முறை கொடுக்க நாங்கள் தயாராக இல்லை.

இன்னொரு செலவையும் சேர்த்திருக்கிறோம். இது தேவையா என்று சிலர் கேட்டார்கள். தேவை. கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புப் பாதுகாப்புச் சட்டகமும் சீட் பெல்ட்டும் நம் வண்டியில் இல்லை. ஸ்வீடன் 1959லேயே புதிய டிராக்டர்களுக்கு இந்தச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. வரப்பேறும்போதும் வாய்க்காலோரம் திரும்பும்போதும் வண்டி புரளக் கண் இமைக்கும் நேரம் போதும். பட்டறையில் குழாயை வளைத்து ஒட்டவைத்த சட்டகம் வேண்டாம். வண்டியின் எடையைத் தாங்கும் என்று சோதித்து விற்கப்படும் சட்டகமே பொருத்தப்படும். இன்ஜின் விசையைக் கருவிகளுக்குக் கொடுக்க நிமிடத்துக்கு 540 முறை சுழலும் பி.டி.ஓ. தண்டுக்கு மூடியும் போடுகிறோம். வேட்டியோ துண்டோ அதில் சிக்கினால் கையால் இழுத்து மீட்க முடியாது. பணம் குறைந்தால் பெயின்ட் வேலையை விட்டுவிடுவோம், இவ்விரண்டையும் விடமாட்டோம்.

ஒரு நிபந்தனையைக் குழு எழுத்தில் பதிந்திருக்கிறது. இன்ஜினைத் திறந்த பிறகு பிளாக்கில் விரிசல் தெரிந்தாலோ, கிராங்க் ஷாஃப்ட் இனிக் கடைய முடியாத அளவுக்குத் தேய்ந்திருந்தாலோ வேலை அங்கேயே நிற்கும். அதுவரை ஆன செலவுக்கான ரசீதுகளை உறுப்பினர் கூட்டத்தில் வைத்து, மீதிப் பணத்தைக் கொடுத்தவர்களுக்கே அவரவர் பங்கின்படி திருப்பித் தருவோம். வண்டியை விற்பதா என்பதை அப்போது நீங்களே முடிவு செய்யலாம்.

வேலை முடிந்ததும் பராமரிப்புப் பதிவேடு வண்டியோடேயே இருக்கும். ஏர் கிளீனர் கிண்ணத்து எண்ணெயைத் தூசி படிந்ததும் மாற்றாவிட்டால் புழுதி உள்ளே போய்ப் புது லைனரையும் அரித்துவிடும். எனவே ஓட்டுபவர் தினமும் அதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு மணி நேர உழவுக் கட்டணத்திலும் ஒரு பகுதி அடுத்த பழுதுக்கென்று தனியே சேரும்.

பணமாகத்தான் தர வேண்டும் என்பதில்லை. நல்ல நிலையில் பேட்டரி இருந்தால் கொடுங்கள். பாகங்களைக் கழுவி அடுக்க ஓரிரு நாள் உடலுழைப்பு தர முடிந்தால் பெயர் கொடுங்கள். செலவு மதிப்பீட்டுத் தாள் பொருளாளரிடம் இருக்கிறது. வரிவரியாகப் பார்த்துக் கேள்வி கேட்டுவிட்டே தரலாம். எவ்வளவு சிறிய தொகையானாலும் ரசீது கட்டாயம் பெற்றுக்கொள்ளுங்கள். நன்கொடை தந்தவருக்கு முறைப் பட்டியலில் முன்னுரிமை கிடையாது, தராதவருக்குப் பின்னிடமும் கிடையாது. உழவுப் பருவத்துக்கு முன் லேத் வேலை முடிய வேண்டுமானால் பாகங்களை இந்த மாத இறுதிக்குள் வாங்கியாக வேண்டும். அதற்குள் உங்கள் பங்கைச் சேர்ப்பியுங்கள்.

இப்படிக்கு,
பொது டிராக்டர் பராமரிப்புக் குழு