நீ கேட்ட மஞ்சள் சமாச்சாரம்

மச்சான்,

எடை கம்மியா பொறந்த பன்னிக்குட்டிக்கு மஞ்சள்ல இருக்கற குர்குமின தீவனத்துல கலக்கலாமான்னு கேட்டியே, பதில் போட லேட்டாயிடுச்சு, திட்டாத. ரெண்டு தாய்ப்பன்னி ஒரே வாரத்துல குட்டி போட்டுச்சு, தூக்கமே இல்ல. நாலு குட்டி ஒரு கிலோவுக்கும் கீழ, அதுல ஒண்ணு 780 கிராம்தான், நெத்தி டால்ஃபின் மாதிரி புடைச்சுகிட்டு தராசுல நடுங்கிட்டே கெடந்துச்சு. தாய் வயித்துக்குள்ள சத்து பத்தலன்னா வர்றதுல மூளைக்குத்தான் மொத பங்கு போகும், குடலுக்கு மிச்சம் மீதிதான், அதான் மண்டை பெருசு, குடல் சவலை.

குர்குமின் கலக்கறதுன்னா, மொத நாள்ல அந்த பேச்சே எடுக்காத. பன்னிக்கு நஞ்சுக்கொடி வழியா எதிர்ப்புசக்தி வராது, எல்லாம் சீம்பால்லதான், அதையும் குடல் ஒண்ணு ஒன்றரை நாள்தான் உள்ள விடும், அப்பறம் கதவ சாத்திடும். நான் கொழுத்ததுங்கள ஒரு மணி நேரம் பெட்டியில போட்டு மூடிட்டு சின்னதுங்கள மட்டும் காம்புல விட்டேன், ஒரே கத்தல், கண்டுக்கல.

குர்குமின் மாதிரி செடியில இருந்து எடுக்கற சரக்குக்கு வேல வர்றது மூணு நாலு வாரத்துல, பால் மறக்கடிக்கும்போது. அப்ப குட்டி சரியா தின்னாது, குடலுக்குள்ள விரல் மாதிரி நீட்டிட்டு இருக்கற உறிஞ்சிங்க சுருங்கிடும், செல்லுக்கு செல் இருக்கற பிடிப்பும் தளரும், ஈ.கோலைங்கற பாக்டீரியா பூந்து கழிச்சல் ஆரம்பிச்சுடும், சின்னதுக்கு இதெல்லாம் ரெட்டிப்பு அடி. குர்குமின், திராட்சைத் தோல்ல இருக்கற ரெஸ்வெரட்ரால் ரெண்டையும் இந்த மாதிரி எடை கம்மி குட்டிங்களுக்கே கொடுத்து பாத்திருக்காங்க, குடல்ல ஆக்சிஜனேற்ற சேதம் குறைஞ்சிருக்கு. குர்குமின் ரத்தத்துல ஏறாதுன்னு எல்லாரும் குறை சொல்லுவாங்க, நமக்கு ஏன்டா ஏறணும், வேல குடல்லதான? ஓமத்துல இருக்கற தைமால் கதை உல்டா, அது வயித்துலயும் சிறுகுடல் ஆரம்பத்துலயுமே முக்கால்வாசி உறிஞ்சிடும், பின்குடல் வரைக்கும் போகணும்னா கொழுப்பு கோட்டிங் போட்டதா வாங்கணும். செடியில துவர்ப்பு தர்ற டானின் அளவு மீறினா புரதத்த புடிச்சு வெச்சுக்கும், துவர்ப்புக்கு தீனியும் குறையும், ஏற்கனவே தின்னாத குட்டிக்கு அது தேவையா சொல்லு.

ஐரோப்பிய யூனியன்ல 2006-ல வளர்ச்சிக்குன்னு தீவனத்துல ஆன்டிபயாட்டிக் போடறத நிறுத்தி, 2022-ல கழிச்சலுக்குன்னு மருந்து அளவுக்கு அதிகமா போட்ட ஜிங்க் ஆக்சைடையும் நிறுத்துனதுல இருந்து இந்த சரக்குக்கு மவுசு கூடிப்போச்சு, "மூலிகை கலவை"ன்னு மட்டும் போட்டு எது எவ்வளவுன்னு போடாத மூட்டைய நான் தொடறதில்ல, நீயும் தொடாத.

அந்த 780 இப்ப லைட்டுக்கு அடியில கால நீட்டி தூங்குது, நேத்து 1.2 கிலோ. உன்கிட்ட சின்னதுங்க எத்தன, பொறந்தன்னைக்கு எடை போட்டியா இல்லயா, மொதல்ல அத எழுது.