சுவரில் மாட்ட ஒரு சொல்

கியோத்தோ

அன்புள்ள ராமநாதா,

உன் கடிதமும் வீட்டின் புகைப்படங்களும் வந்து சேர்ந்தன. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் எங்கள் இருவருக்கும் பெரிய நிம்மதி. சொட்டு மருந்து விடும் நேரம் வந்தாலே அவர் தூங்குவதுபோல் பாசாங்கு செய்கிறார் என்று எழுதியிருந்தாயே, வசந்தி அதைப் படித்துவிட்டுச் சிரித்து ஓயவில்லை. இங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டது. துணி உலர்வதில்லை, அலமாரியில் பூஞ்சை பிடிக்கிறது, மற்றபடி குறையில்லை. பையன் ஒசாகாவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். சாம்பார் நினைவு வந்தால் மட்டும் வீட்டுக்கு வருகிறான்.

இனி உன் கோரிக்கைக்கு வருகிறேன். "அமைதி என்று பொருள்படும் ஜப்பானிய எழுத்தைப் பெரிதாக எழுதி அனுப்பு, கூடத்தில் மாட்ட வேண்டும், உள்ளே நுழைந்ததும் மனம் அடங்க வேண்டும்" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். மளிகைக் கடையில் போய் "அரிசி கொடுங்கள்" என்று கேட்பதுபோல் இருக்கிறது. பொன்னியா, சீரகச் சம்பாவா, இட்லிக்கா என்று கடைக்காரர் திருப்பிக் கேட்க மாட்டாரா? சீன எழுத்துகளில் இந்தக் குடும்பம் பெரியது. அவற்றையே ஜப்பானியரும் வாங்கிக்கொண்டு தங்கள் ஒலியில் படிக்கிறார்கள். சத்தமில்லாத அமைதி ஒன்று, சமதளமாக இருக்கும் அமைதி ஒன்று, கருத்து வேறுபாடுகள் அடங்கி இணக்கமாக இருப்பது ஒன்று, தியானத்தில் மனம் நிலைப்பது ஒன்று, ஆபத்தில்லாமல் இருப்பது ஒன்று.

சத்தமில்லாத அமைதியைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். சீனத்தில் 'ஜிங்', ஜப்பானியத்தில் 'செய்' அல்லது 'ஷிஸுகா'. பதினான்கு கோடுகள் கொண்ட அழகான எழுத்து. இடப்பாதி நீலப் பச்சை நிறத்தைக் குறிப்பது. வலப்பாதி என்ன தெரியுமா? சண்டை! போட்டியிடுதல், வாதாடுதல் என்ற பொருளில் தனி எழுத்தாகவே புழங்குவது. உன் கூடத்தில் பாகப்பிரிவினைப் பேச்சு நடக்கும்போது இது சுவரில் தொங்கினால் பொருத்தமாகத்தான் இருக்கும். ஆனாலும் வேண்டாம்.

'ஃபுதோ', அசைவின்மை, என்று இன்னொன்று. தற்காப்புக்கலைப் பள்ளிகளில் 'ஃபுதோஷின்', அசையாத மனம், என்று சுவரில் பார்க்கலாம். அந்தப் பெயரில் இங்கே ஒரு தெய்வமும் உண்டு, ஃபுதோ மியோஓ. சமஸ்கிருதத்தில் அசலநாதர். அருணாசலத்தில் இருக்கிற அதே அசலம்தான். ஆனால் ஆளைப் பார்த்தால் அமைதி என்று சொல்ல மாட்டாய். கையில் வாளும் கயிறும், பின்னால் நெருப்பு, பல்லைக் கடித்துக்கொண்டு அமர்ந்திருப்பார். அம்மா மிரண்டுவிடுவார். (போதிதர்மர் காஞ்சிபுரத்திலிருந்து போனவர் என்ற பேச்சை நீ அடுத்த கடிதத்தில் எடுப்பாய் என்று தெரியும். இந்தமுறை அந்தப் பக்கம் நான் வரவில்லை.)

தேநீர்ச் சடங்கின் நான்கு சொற்கள் பற்றியும் கேட்டிருந்தாய்: 'வா, கெய், செய், ஜாகு'. இணக்கம், மரியாதை, தூய்மை, சலனமற்ற தனிமை. இங்குள்ள 'செய்' தூய்மைக்கானது, மேலே சொன்ன 'செய்' அன்று. ஒலி மட்டும் ஒன்று. தேநீர்ச் சடங்கின் பேராசான் சென் நோ ரிக்யூவின் பெயரில் வழங்கும் இந்த நான்கும் இன்று காபிக் கோப்பையில்கூட அச்சாகிவிட்டன. அந்த ரிக்யூவை 1591-இல் அவருடைய எசமானன் ஹிதேயோஷியே வயிற்றைக் கிழித்துச் சாகும்படி உத்தரவிட்டான். சீன அலுவலகங்களில் பெரும்பாலும் தொங்குவது 'நிங் ஜிங் ஜி யுவான்'. மனம் அடங்கினால்தான் தொலைவை எட்ட முடியும் என்பது கருத்து. பழைய சீனத்தின் ஷூ நாட்டு அமைச்சரும் தளபதியுமான சூகே லியாங், தம் மகனுக்கு எழுதியதாகச் சொல்லப்படும் கடிதத்தால் புகழ் பெற்ற தொடர். அவர் 234-இல் போர் முகாமில் இறந்தார். மகனும் 263-இல் போர்க்களத்திலேயே மாண்டான். மேலாளரின் நாற்காலிக்குப் பின்னால் பொன் சட்டத்தில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிறுவன்தான் நினைவுக்கு வருகிறான்.

எனக்குப் பிடித்தது 'அன்'. சீனத்திலும் ஜப்பானியத்திலும் கிட்டத்தட்ட ஒரே ஒலி. ஒரு கூரை, அதன் கீழே ஒரு பெண், அவ்வளவுதான் எழுத்து. ஆபத்தில்லை, நலம், கவலையில்லை என்ற பொருள்கள் எல்லாம் அதில் அடங்கும். வசந்தியிடம் சொன்னேன். "பெண் வீட்டுக்குள் அடங்கிக் கிடந்தால் யாருக்கு நிம்மதி?" என்று கேட்டாள். மூவாயிரம் ஆண்டுப் பழமை என்று இழுத்தேன். எடுபடவில்லை.

எங்கள் பேட்டைச் சமூகக் கூடத்தில் எழுத்துக்கலை வகுப்பு நடத்தும் அம்மையார் அந்த எழுத்தை அலுக்காமல் எழுத வைப்பவர். மொத்தம் ஆறே கோடுகள். முதலில் உச்சியில் ஒரு புள்ளி. அது தாளின் நடுக்கோட்டில் நிற்க வேண்டும். பிறகு கூரையின் இடப்பக்கம், பிறகு மேற்கோடும் வலப்பக்கக் கொக்கியும். அடுத்து பெண். வளைந்து இறங்கும் கோடும் அதன் குறுக்கே சாயும் கோடும் வெட்டிக்கொள்ளும் இடம், உச்சிப் புள்ளிக்கு நேர் கீழே விழ வேண்டும். கடைசியாக நீண்ட கிடைக்கோடு. அது கூரையைவிட அகலம். எழுத்தின் பாரம் முழுவதும் அதன்மேல்தான். "தொன், ஸூ, தொன்" என்று அம்மையார் பக்கத்தில் நின்று சொல்வார். தூரிகையை ஊன்று, இழு, மறுபடி ஊன்றி நிறுத்து. இழுக்கும்போது அவசரப்பட்டால் கோடு நடுவில் வறண்டு நார் நாராகத் தெரியும்; தயங்கினால் தாள் மையை உறிஞ்சி வீங்கிவிடும்.

அந்தக் கிடைக்கோட்டில் இன்னொன்றும் இருக்கிறது. அளவுகோல் வைத்தாற்போல் சமமாக இழுத்தால் எழுத்து வலப்பக்கம் சரிவதுபோல் கண்ணுக்குத் தெரியும். வலப்பக்கம் சற்றே மேலேறினால்தான் நிமிர்ந்து நிற்கும். திருத்தச் சிவப்பு மை வைத்திருக்கிறார் அம்மையார். என் தாள்களில் அந்தக் கோட்டின்மேல் சிவப்பு விழாத நாள் அரிது. அவர் எழுதும்போது பார்த்தால் கை அசைவதே இல்லை என்று தோன்றும். தோளிலிருந்து அசைகிறது.

உனக்குப் பிடிக்கும் செய்தி ஒன்று: ஜப்பானியரின் ஹிரகானா வரிசையில் முதலாவதாக நிற்கும் 'அ' என்ற எழுத்து, இந்த 'அன்' எழுத்தை வேகமாக எழுதி எழுதிக் குழைந்து வந்ததுதான். இங்கேயும் அகர முதல எழுத்தெல்லாம்!

சொல் அமைதியானது, வரலாறு அப்படியில்லை. சீனாவின் டாங் பேரரசின் தலைநகரம் 'சாங்ஆன்', நீடித்த அமைதி என்ற பெயர். 755-இல் கலகம் செய்து, மறு ஆண்டே அதைத் தன் படைகளிடம் விழவைத்தவன் ஆன் லூஷான். அவன் குடும்பப் பெயரிலும் அதே 'அன்' எழுத்து! நான் குடியிருக்கும் ஊர்க்கதையும் அப்படித்தான். பேரரசர் கம்மு முதலில் தலைநகரை நாகாஓகாவுக்கு மாற்றினார். அதைக் கட்டும் பொறுப்பிலிருந்த அதிகாரி 785-இல் கொலையானார். பழி பேரரசரின் தம்பி சவாரா மேல் விழுந்தது. நாடுகடத்தப்பட்ட வழியிலேயே உணவை மறுத்து அவர் இறந்தார். அதன்பின் அடுத்தடுத்து வந்த சாவும் நோயும் வெள்ளமும் தம்பியின் ஆவி செய்வது என்று அரண்மனையே நடுங்கியது. 794-இல் மறுபடியும் இடம் மாறி, புது நகருக்கு வைத்த பெயர் 'ஹெயான்கியோ', சமமும் நலமும் உடைய தலைநகர். அதுதான் இன்றைய கியோத்தோ. பயந்தவன் வைத்த பெயர் என்று உறுதியாகச் சொல்வேன்.

சமீபத்திய உதாரணமும் உண்டு. ஆண்டுதோறும் டிசம்பரில் மக்கள் வாக்களித்து அந்த ஆண்டுக்கான எழுத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். இங்குள்ள கியோமிஸு கோயிலின் தலைமைக் குரு, ஆளுயரத் தாளில் பெரிய தூரிகையால் அதை எழுதிக் காட்டுவார். 1995-இல் தொடங்கிய வழக்கம். கோபே நிலநடுக்கம் நடந்த அந்த ஆண்டின் எழுத்து 'நடுக்கம்'. 2015-இல் வென்றது நம் 'அன்'. அவ்வளவு நிம்மதியான ஆண்டா என்று கேட்காதே. பாதுகாப்புச் சட்டங்களை எதிர்த்து நாடாளுமன்றத்தின் வாசலில் மக்கள் திரண்ட ஆண்டு. பாதுகாப்பு என்ற சொல்லிலும் இதே எழுத்து, அப்போதைய பிரதமர் அபேயின் பெயரிலும் இதே எழுத்து. போதாக்குறைக்கு ஒரு நகைச்சுவைக் கலைஞர், ஆடையே இல்லாததுபோல் நின்று காட்டிவிட்டு, "நிம்மதியாக இருங்கள், உள்ளாடை அணிந்திருக்கிறேன்" என்பார். அந்த 'நிம்மதி'யிலும் அதே எழுத்து. குருவின் தூரிகைக்கு இதெல்லாம் தெரியாது, கம்பீரமாகத்தான் எழுதினார்.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகு, சுவருக்கென்றே எழுதப்பட்ட அமைதியின் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. இந்த எழுத்து உயிரோடு இருக்கும் இடம் கடிதங்கள்தான். சீன எழுத்துக்கலையின் உச்சம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வாங் ஷிஜ் (303–361) எழுதியவற்றில் நமக்கு நகல்களாகக் கிடைப்பவை பெரும்பாலும் கடிதங்களே. நாம் எழுதுவதுபோல மழை, உடம்பு, பழம், சாவு பற்றிய கடிதங்கள். தைப்பே தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் மூன்று கடிதங்களை ஒரே சுருளில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். முதல் கடிதத்தின் தொடக்கம், "இங்கே ஏதோ நலம்" என்ற அளவில்தான் இருக்கிறது. 'பிங்-ஆன்' என்ற அந்தச் சொல்தான் அதற்குப் பெயராகவும் நிலைத்துவிட்டது. மூன்றாவது இன்னும் எளிமை: முந்நூறு ஆரஞ்சுப் பழம் அனுப்பியிருக்கிறேன், இன்னும் உறைபனி விழவில்லை, இதற்குமேல் கிடைக்காது. அவ்வளவுதான் கடிதம்!

அதே அருங்காட்சியகத்தில் இன்னொரு கடிதம், மொத்தம் இருபத்தெட்டு எழுத்துகள். பனி பொழிந்து வானம் வெளுத்துவிட்டது, நீ நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன் என்று நண்பருக்கு நலம் விசாரிக்கும் வரிகள். அந்த 'நலமாக' என்ற இடத்தில் 'அன்' இருக்கிறது. எந்த அலங்காரமும் இல்லாமல், பக்கத்து எழுத்துகளைவிடப் பெரிதாகவும் இல்லாமல், வரியோடு வரியாகப் போகிறது. வாங் ஷிஜ்ஜின் கையெழுத்து ஒன்றுகூட இன்று இல்லை; இதுவும் டாங் காலத்து நகல் என்பதே பெரும்பாலோர் கருத்து. மெழுகுத் தாள் வைத்து எழுத்தின் விளிம்பை மயிரிழைக் கோட்டால் வரைந்து, உள்ளே மை நிரப்பிச் செய்வார்கள். அதை அசல் என்றே நம்பிய பேரரசர் சியன்லோங், 1746-இல் இதையும் வேறு இரண்டையும் வைக்கவென்றே அரண்மனையில் ஒரு சிறு அறையை ஒதுக்கினார். அத்தோடு விட்டாரா? பனி பெய்யும் போதெல்லாம் கடிதத்தை எடுத்து அதைச் சுற்றிலும் குறிப்பு எழுதினார், முத்திரை குத்தினார். குறிப்புகள் எழுபதுக்கு மேல்.

வாங் ஷிஜ்ஜின் துயரக் கடிதம் ஒன்று ஜப்பானிய அரச குடும்பத்துச் சேகரிப்பில் வந்து தங்கியிருக்கிறது. மூதாதையர் கல்லறைகள் சூறையாடப்பட்டதைக் கேட்டு, "என்ன செய்வேன், என்ன செய்வேன்" என்று அரற்றும் கடிதம். எழுத்துகள் போகப்போகக் கட்டு குலைந்து ஓடுகின்றன. அதன் விளிம்பில் என்ரியாக்கு ஆண்டுகளின் அரச முத்திரை இருக்கிறது. அந்த ஆண்டுப்பெயர் பேரரசர் கம்முவுடையது, அதாவது ஊருக்கு ஹெயான் என்று பெயர் வைத்தவருடையது.

ஆகவே நான் அனுப்பப்போவது நீ கேட்ட பெரிய எழுத்து அன்று. 'ஷிகிஷி' என்று இங்கே ஓர் அட்டை உண்டு, 27-க்கு 24 சென்டிமீட்டர் அளவு. அதில் 'பிங்-ஆன்' இரண்டு எழுத்துகளையும் கடிதத்தில் வருவதுபோல ஓட்ட நடையில் எழுதித் தருகிறேன். அவற்றையே ஜப்பானியர் 'ஹெயான்' என்று படிப்பார்கள்; பழைய கியோத்தோவின் பெயரும் அதுவே என்பதால் அனுப்புநர் முகவரியாகவும் ஆயிற்று. அம்மையார் சிவப்பு மையைத் தொடாத ஒரு பிரதி கிடைத்தவுடன் அஞ்சலில் சேர்ப்பேன்.

இரண்டு வேண்டுகோள்கள். நேர் வெயில் படும் இடத்தில் மாட்டாதே. ஐப்பசி மழையில் சுவர் ஈரம் கோக்கும்போது கழற்றி அலமாரியில் வை. இங்கேயும் எந்தச் சுருளையும் ஆண்டு முழுவதும் தொங்கவிடுவதில்லை, பருவத்துக்கு ஒன்றாக மாற்றுவார்கள். எக்காரணம் கொண்டும் லேமினேட் செய்துவிடாதே. உன் கல்யாணப் புகைப்படத்துக்கு நீ என்ன செய்தாய் என்று எனக்கு மறக்கவில்லை.

புது வீட்டின் பின்கோடு எழுது. கிரகப்பிரவேசப் பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் 'ஜப்பான்' என்று அச்சடிக்க உன் சித்தப்பா பார்ப்பார், தடுத்துவிடு. அம்மாவுக்கு என் வணக்கம். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல்.

அன்புடன்,
பாலு