அடாப்டர் வாங்குவதற்கு முன்னால்

கும்பகோணம்
ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

புது மானிட்டரை ஆபீஸ் லேப்டாப்போடு இணைக்க இந்த அடாப்டரை வாங்கலாமா என்று நீ கேட்டதற்கு வாட்ஸ்அப்பிலேயே பதில் போட ஆரம்பித்தேன், அது நீண்டுகொண்டே போனது. பரீட்சை விண்ணப்பங்களுக்குக் கடைசித் தேதி முடிந்துவிட்டதால், விண்ணப்பம் போட்டுக்கொடுக்கிற நம் கடையில் கூட்டம் இல்லை. அதனால் உட்கார்ந்து முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

மானிட்டர் வாங்கியது நல்ல காரியம். நாள் முழுக்கக் குனிந்து லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தால் கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்? ஆனால் நீ அனுப்பிய லிங்கில் இருக்கிற அடாப்டரை இன்னும் வாங்காதே. அது நல்லதா கெட்டதா என்பது அப்புறம். உன் லேப்டாப்புக்கு அது ஒத்துவருமா என்பதுதான் முதல் கேள்வி.

அது தட்டையான பழைய யூஎஸ்பி போர்ட்டில் செருகுகிற வகை. அந்த போர்ட்டில் படம் வராது தம்பி. பென் டிரைவுக்குப் போகிற மாதிரி டேட்டா மட்டும்தான் போகும். அதனால் அந்த அடாப்டருக்குள் தனியாக ஒரு சிப் வைத்திருப்பார்கள். டிஸ்ப்ளேலிங்க் என்று கேள்விப்பட்டிருப்பாய், அதுதான் இதில் பிரபலம். லேப்டாப்பில் போடுகிற டிரைவர் என்ற மென்பொருள் திரையில் இருக்கும் படத்தைச் சுருக்கி டேட்டாவாக அனுப்பும். அடாப்டரில் இருக்கும் சிப் அதைப் பிரித்துத் திரும்பப் படமாக்கி, டிவிக்குப் படம் கொண்டுபோகிற எச்டிஎம்ஐ கேபிள் வழியாக மானிட்டருக்குக் கொடுக்கும்.

ஏன் சுருக்க வேண்டும் என்று கேட்பாய். சாதாரண ஃபுல் எச்டி திரையையே எடுத்துக்கொள். 1920-க்கு 1080 புள்ளிகள், புள்ளி ஒன்றுக்கு 24 பிட், நொடிக்கு 60 தடவை. பெருக்கிப் பார்த்தால் நொடிக்குக் கிட்டத்தட்ட 3 ஜிகாபிட் வரும். பழைய யூஎஸ்பி 2.0-இன் உச்ச வேகமே 480 மெகாபிட்தான். யூஎஸ்பி 3.0 என்றால் 5 ஜிகாபிட். அதனால்தான் நீல நிற போர்ட்டில் செருகு என்கிறார்கள். எல்லாக் கம்பெனியும் நீலம் போடுவதில்லை, பக்கத்தில் எஸ்எஸ் என்று அச்சடித்திருக்கிறதா என்றும் பார். படத்தைச் சுருக்குகிற வேலையின் பெரும்பங்கு உன் லேப்டாப் பிராசசர் தலையில்தான் விழும். எக்செல், மெயில், கோடிங் என்றால் பெரிதாகத் தெரியாது. வீடியோ ஓடும்போது ஃபேன் சத்தம் போடும், மவுஸ் ஒரு நொடி தயங்கித் தயங்கி வரும். கேம் விளையாட இது லாயக்கே இல்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. உனக்குப் பெரிய சிக்கல் வேறு. உன்னுடையது ஆபீஸ் லேப்டாப். டிரைவர் போட அட்மின் பாஸ்வேர்டு கேட்கும், அது உன்னிடம் இருக்காது. சொந்த லேப்டாப் என்றால் சில சமயம் விண்டோஸ் அப்டேட்டே டிரைவரைக் கொண்டுவந்துவிடும். ஆபீஸில் அதையும் பூட்டி வைத்திருப்பார்கள். சில மலிவு அடாப்டர்களில் டிரைவரை அடாப்டருக்குள்ளேயே பென் டிரைவ் மாதிரி வைத்திருப்பார்கள். ஆபீஸ் லேப்டாப்பில் பென் டிரைவே திறக்காதே!

அக்கா வைத்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறாய் என்று நினைக்கிறேன். அவள் கதை வேறு. 2020-இல் வந்த எம்1 மேக்புக் ஏரில் வெளி மானிட்டர் ஒன்றுதான் நேரடியாக வரும். இரண்டாவது வேண்டும் என்பதால் அவளுக்கு டிஸ்ப்ளேலிங்க் தேவைப்பட்டது. அது திரையைப் பதிவு செய்ய அனுமதி கேட்கும், கொடுத்தால்தான் வேலை செய்யும். காப்புரிமைப் பூட்டு உள்ள படம் போட்டால் கறுப்பாகத் தெரிகிறது என்று அவளே புலம்பினாள்.

சரி, நீ என்ன செய்யலாம்? உன் லேப்டாப்பில் டைப்-சி போர்ட், அதாவது இப்போதைய போன் சார்ஜர் செருகுகிற சின்ன நீள்வட்ட போர்ட், இரண்டு இருக்கிறது என்றாய். அதில் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்ற படம் அனுப்புகிற வசதி இருந்தால் வேலை சுலபம். கிராபிக்ஸிலிருந்து படம் நேராக அந்த போர்ட்டுக்கே வந்துவிடும், டிரைவரும் வேண்டாம், அட்மினும் வேண்டாம். ஆனால் எல்லா டைப்-சியிலும் அது இருக்காது. சிலது சார்ஜுக்கும் டேட்டாவுக்கும் மட்டும்தான், வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வடிவம். இப்படி ஒன்றைச் செய்தவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. கடைக்கு வருகிற பாதிப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். போர்ட் பக்கத்தில் ஆங்கில டி எழுத்துக்குள் பி எழுதின மாதிரி சின்னம் இருந்தால் படம் வரும். அம்பு முனையோடு மின்னல் கோடு இருந்தால் தண்டர்போல்ட் என்ற இன்னும் வேகமான வகை, அதிலும் வரும். பேட்டரி படம் மட்டும் இருந்தால் அது சார்ஜுக்கு என்று அர்த்தம். எதுவுமே அச்சடிக்காமல் இருந்தால் மாடல் நம்பரை வைத்துக் கம்பெனி தளத்தில் அந்த போர்ட்டுக்கு நேரே டிஸ்ப்ளேபோர்ட் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிடு.

உன் மானிட்டரிலேயே டைப்-சி இருந்தால் அடாப்டரே வேண்டாம், ஒரே கேபிளில் படமும் சார்ஜும் வரலாம். ஆனால் போன் சார்ஜர் கேபிளைச் செருகிவிட்டு வரவில்லை என்று எனக்குப் போன் செய்யாதே. அதில் பெரும்பாலும் படத்துக்கான கம்பிகளே இருக்காது.

4கே மானிட்டர் வாங்கியிருக்கிறாய், அதனால் இன்னொன்றும் பார். அட்டையில் 4கே என்று பெரிதாகவும் 30 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 30 தடவை, என்று பொடி எழுத்திலும் போட்டிருப்பார்கள். 30-இல் மவுஸ் இழுத்து இழுத்து நகரும், கண் வலிக்கும். 4கே 60 ஹெர்ட்ஸ் என்று தெளிவாக எழுதியிருப்பதை வாங்கு. எச்டிஎம்ஐயோடு வேகமான யூஎஸ்பி போர்ட்டுகளும் ஒரே பெட்டியில் சேர்ந்த ஹப் என்றால் கொஞ்சம் யோசி. டைப்-சிக்குள் இருக்கிற நான்கு வேகப் பாதைகளில் இரண்டை டேட்டாவுக்குக் கொடுத்துவிட்டு, மீதி இரண்டில்தான் படத்தை அனுப்பும். லேப்டாப் கொஞ்சம் பழசு என்றால் 4கே 30-லேயே நின்றுவிடும்.

எச்டிஎம்ஐ கேப்சர் என்று ஒன்று விற்கிறார்கள், பார்க்க அச்சு அசல் இதே மாதிரி இருக்கும். அது கேமரா படத்தை லேப்டாப்புக்குள் கொண்டுவருவதற்கு. உனக்கு வேண்டியதற்கு நேர் எதிர்.

செருகினதும் விண்டோஸ் பட்டனோடு பி அழுத்து, மானிட்டரில் படம் எப்படி வர வேண்டும் என்று கேட்கும். நம் கடையில் வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்திருக்கிற மானிட்டர் டூப்ளிகேட்டில் இருக்கிறது, என் திரையில் இருப்பதே அதிலும் தெரியும். பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் அவர்களே பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் நான் சப்மிட் கொடுப்பேன். உனக்கு வேண்டியது எக்ஸ்டெண்ட், இரண்டு திரையும் சேர்ந்து ஒரே பெரிய திரை மாதிரி ஆகும். அப்புறம் டிஸ்ப்ளே செட்டிங்கில் இரண்டு கட்டங்கள் காட்டும், மேஜையில் மானிட்டர் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் இழுத்து வை. இல்லாவிட்டால் மவுஸ் போன இடம் தெரியாது. எழுத்து பொடியாக இருந்தால் ஸ்கேலை 150 சதவீதம் ஆக்கு.

எதற்கும் முதலில் ஆபீஸ் ஐடி ஆட்களிடம் டாக், அதாவது லேப்டாப்பை மானிட்டர், கீபோர்டு எல்லாவற்றோடும் இணைக்கிற பெட்டி, கிடைக்குமா என்று கேள். கேட்டால் பல ஆபீஸில் தருகிறார்கள், நீதான் வாயைத் திறக்கமாட்டாயே. லேப்டாப்பின் இரண்டு பக்கமும், அடியில் இருக்கிற மாடல் ஸ்டிக்கரும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பு, எதை வாங்கலாம் என்று சொல்கிறேன். வாங்கும்போது திருப்பிக் கொடுக்கிற வசதி இருக்கிற கடையாகப் பார், டப்பாவைக் கிழிக்காமல் திற.

அன்புடன்,
அம்மா