‘ஒன்றும் விளையாத பூமி’ என்று எழுதியவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் என் பெரியப்பாவின் மறைவுச் செய்தியை வெளியிட்டிருந்தீர்கள். நன்றி. எண்பத்து மூன்று வயது வரை ஒரு வரி வராத மனிதருக்கு, போன பிறகாவது அரைப் பத்தி கிடைத்ததே. ஆனால் செய்தியின் தொடக்கமே "ஒன்றும் விளையாத பூமியில் பொன் விளைவித்தவர்". அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்றும் விளையாத பூமி எது ஐயா? பாலக்கோடு பக்கமா? ஆடியில் சாமை, அப்புறம் கொள்ளு, கேழ்வரகுச் சாலுக்கு நடுவே அவரையும் துவரையும் என்று மானாவாரியிலேயே எங்களை வளர்த்த மண் இது. பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் சாமையிலும் கொள்ளிலும் அந்த ஊர்ப் பெயரிலேயே ரகம் வெளியிட்டிருக்கிறது. விளையாத பூமிக்கா ரகம் கண்டுபிடிப்பார்கள்? நெல்லும் கரும்பும் மட்டும்தான் விளைச்சல் என்று தங்கள் நிருபருக்கு யார் சொன்னார்களோ. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல.

ஒரு காலத்தில் அதிகாரிகளுக்குத் தண்டனை கொடுக்க வேண்டுமென்றால் தருமபுரிக்கு மாற்றுவார்கள். அப்போதும் பத்திரிகைகள் இதே மாதிரிதான் எழுதின. இப்போதும் தக்காளி விலை விழுந்தால் சாலையோரம் கொட்டிய படம், கீழே "விவசாயிகள் கண்ணீர்". 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதும் "இல்லத்தரசிகள் அதிர்ச்சி". எங்களுக்கு இரண்டு காசு கிடைத்தால் உடனே யாராவது அதிர்ச்சி அடைந்துவிடுகிறார்கள். இதைப் பற்றி அப்போதே ஒரு கடிதம் போட்டேன். வரவில்லை. சரி, போகட்டும்.

பெரியப்பா எதில் முன்னோடி என்று செய்தியில் ஒரு வார்த்தை இல்லை. நான் சொல்கிறேன். 2004-ல் வேளாண்மைப் பல்கலைக்கழகம், சொட்டுநீர்க் குழாயில் தண்ணீரையும் உரத்தையும் அளந்து விடும் துல்லியப் பண்ணைத் திட்டத்தைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கொண்டுவந்தது. மூன்று வருடத்தில் 400 ஹெக்டேர். முதல் வருடம் சேருபவர்களுக்கு முழு மானியம். அப்படியும் ஆள் வரவில்லை. அதற்கு முன்னால் தொடர்ந்து நாலு வருடம் வறட்சி, கையில் இருந்ததெல்லாம் போயிருந்தது. போர்வெல் போட்டால் புகைதான் வந்தது. இலவசமாகக் குழாய் போடுகிறார்கள் என்றால், நிலத்தை எழுதி வாங்கப்போகிறார்கள் என்று ஊரில் பேச்சு. என் அப்பாவே அதை நம்பினார், மறைப்பானேன்.

பெரியப்பா இரண்டரை ஏக்கரைக் கொடுத்தார். உளிக் கலப்பை ஓட்டி, குழித்தட்டு நாற்று வாங்கி, உரத்தைத் தண்ணீரிலேயே கரைத்துச் சொட்டு சொட்டாக விட்டார். "பெரியவரு தக்காளிக்கு குளுக்கோஸ் ஏத்துறாரு" என்று டீக்கடையில் சிரித்தார்கள். சிரித்தவர்களில் நானும் ஒருவன். பறிப்பு தொடங்கியபோது அதே டீக்கடைக்காரர்தான் வண்டிக்குத் தக்காளிக் கிரேட் ஏற்ற வந்தார். மறு வருடம் மானியம் 90 சதவீதமாகக் குறைந்தும் மனு கொடுக்க வரிசை நின்றது. எந்தக் குழாய் அடைத்தாலும் எங்கள் ஊரில் முதலில் தேடியது பெரியப்பாவைத்தான். ஒரு சின்ன ஊசியும் சைக்கிள் டியூப் துண்டும் எப்போதும் மடியில் வைத்திருப்பார். இவ்வளவுக்கும் மேட்டுக்காட்டில் அரை ஏக்கர் சாமையைக் கடைசி வரை விடவில்லை. ‘விளையாத பூமி’ என்பதை அவரிடம் சொல்லியிருந்தால் நிருபருக்கு ஒரு வேளை சாமைச் சோறு போட்டு அனுப்பியிருப்பார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

செய்தியின் கடைசி வரி இன்னும் மோசம். "வயது மூப்பு காரணமாக இயற்கை எய்தினார்." தை மாதம், ராத்திரி இரண்டு மணி. மோட்டார் ஓட்ட வேண்டிய மும்முனை மின்சாரம் அப்போதுதான் வந்தது. வால்வு திருப்பப் போனவர் தொட்டி மேட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. விடிந்து பால் கறக்கப் போன பெரியம்மாதான் பார்த்தார். மூன்று மாதம் படுத்த படுக்கை. இதில் எது ஐயா இயற்கை? எண்பது வயதுக்காரரை நடுச்சாமத்தில் வயலுக்கு அனுப்பும் மின்சாரமா? எங்கள் ஊரில் பாம்பு கடித்ததும் ஷாக் அடித்ததும் இந்த நேரத்தில்தான். எல்லோரும் இயற்கைதான் எய்தினார்கள் போலிருக்கிறது.

ஊரைக் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று வேறு போட்டிருக்கிறீர்கள். 2004-ல் பிரித்தபோது பாலக்கோடு தருமபுரியிலேயே நின்றுவிட்டது. இருபது வருடத்துக்கு மேலாகிறது, சொல்லியனுப்ப மறந்துவிட்டோம், மன்னிக்கவும்.

திருத்தம் போடுங்கள் என்று கேட்டு ஓய்ந்துவிட்டேன். போட்டாலும் வரி விளம்பரத்துக்குக் கீழே போடுவீர்கள். கேட்பது ஒன்றுதான். செய்தி சேகரிக்க வந்தவர் பெரியம்மாவிடமிருந்து ஒரு புகைப்படத்தை வாங்கிப் போனார். சொட்டுநீர் வடிகட்டி தொட்டிக்குப் பக்கத்தில் பெரியப்பா சிரித்துக்கொண்டு நிற்பார். அது அச்சிலும் வரவில்லை. யாரோ தலைப்பாகை கட்டிய பெரியவர் ஏர் ஓட்டும் படம்தான் வந்தது. பெரியப்பா தலைப்பாகை கட்டியவர் இல்லை. அந்த ஒரு பிரதிதான் இருந்தது. திருப்பி அனுப்புங்கள், கூரியர் செலவை நானே கொடுத்துவிடுகிறேன். பதினாறாம் நாள் காரியம் நெருங்குகிறது. மாலை போட இப்போதைக்கு எங்களிடம் இருப்பது ஆதார் அட்டைப் படம்தான்.

இப்படிக்கு,
அவருடைய தம்பி மகன்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.