டுடெர்டே மாதிரி ஒருத்தர் நமக்கும் வேணுமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ் வாசகர் கடிதத்துல ஒருத்தர், பிலிப்பைன்ஸ்ல அதிபரா இருந்த டுடெர்டே போதைப்பொருள் விக்கிறவனை எல்லாம் போட்டுத் தள்ளின மாதிரி நம்ம நாட்டுலயும் ஒருத்தர் வந்தாதான் சரிப்படும், அப்பேர்ப்பட்ட மனுஷனை அரசியல் பழிவாங்கலுக்காகக் கொண்டுபோய் நெதர்லாந்துல ஹேக் நகரத்துல அடைச்சு வெச்சிருக்காங்களேன்னு ஆதங்கப்பட்டு எழுதியிருந்தார். கஞ்சா, போதை மாத்திரைன்னு ஸ்கூல் வாசல் வரைக்கும் வந்துட்ட காலத்துல பெத்தவங்களுக்கு அந்தக் கோபம் வர்றது நியாயம்தான், எனக்கும் வருது. ஆனா உதாரணத்துக்கு இந்த ஆளை இழுத்திருக்க வேணாம்.

2016 ஜூன் கடைசில பதவிக்கு வந்து ஆறு வருஷம் இருந்தார். அதுக்குள்ள போலீஸ் நடவடிக்கைல செத்தவங்கன்னு அரசாங்கமே ஒத்துக்கிட்ட கணக்கு 6,000-க்கு மேல. பைக்ல முகத்தை மூடிக்கிட்டு வந்து சுட்டுட்டுப் போன கேஸையும் சேர்த்தா 12,000-லேர்ந்து 30,000 வரைக்கும் இருக்கலாம்னு அந்த ஹேக்ல இருக்கிற சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துல வழக்கு நடத்துற தரப்பு சொல்லுது. ஏரியா ஏரியாவா ஒரு லிஸ்ட் போட்டாங்க, அதுல பேர் ஏறினவன் நிஜமா வித்தவனா, எப்பவோ ஒரு தடவை இழுத்தவனா, இல்ல எவனோ பகையில பேரைக் குடுத்துட்டானான்னு விசாரிக்க கோர்ட்டும் கிடையாது வக்கீலும் கிடையாது. ராத்திரி கதவைத் தட்டுவாங்க, காலைல "அவன் துப்பாக்கியை எடுத்தான், தற்காப்புக்காக சுட்டோம்"னு ரிப்போர்ட் வந்துடும். நாம படிக்காத வசனமா என்ன.

2017 ஆகஸ்ட்ல மணிலாவை ஒட்டின கலோகன்ல 17 வயசு ஸ்கூல் பையன் ஒருத்தனை சுட்டுட்டு அதே வசனத்தைத்தான் சொன்னாங்க. ஆனா அந்த ஏரியா சிசிடிவில மஃப்டில இருந்த போலீஸ்காரங்க ஒருத்தனை ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்துட்டுப் போறது பதிவாகியிருந்துச்சு. நாளைக்கு டெஸ்ட் இருக்கு விட்டுடுங்கன்னு கெஞ்சினான்னு பார்த்தவங்க சொன்னாங்க. 2018 நவம்பர்ல மூணு போலீஸ்காரங்க கொலைக் குற்றவாளிங்கன்னு தீர்ப்பு வந்துச்சு. இப்படி தண்டனை வரைக்கும் போன கேஸை விரல் விட்டு எண்ணிடலாம்.

சரி, செத்தவங்க யாரு? பெரும்பாலும் சேரில இருந்த கூலிக்காரங்க, ரிக்‌ஷா ஓட்டுறவங்க. அதே 2017 மே மாசம் சீனாவிலேர்ந்து 600 கிலோவுக்கு மேல ஷாபு, அதாவது மெத், 640 கோடி பெசோ சரக்கு, மணிலா கஸ்டம்ஸ்ல பெட்டியைத் திறந்து பார்க்காம விடுற கிரீன் லேன் வழியா ஜம்முனு வெளிய வந்துச்சு, அப்புறம்தான் ஒரு கிடங்குல மாட்டுச்சு. அப்போ கஸ்டம்ஸ் தலைவரா இருந்தவர் ராஜினாமா பண்ணார், கொஞ்ச நாள்லயே டுடெர்டே அவருக்கு வேற அரசுப் பதவி குடுத்தார். 10 கிராம் வெச்சிருந்தான்னு சொல்லி சந்துல சுடுவாங்களாம், 600 கிலோவுக்கு ராஜினாமா லெட்டர் போதுமாம்.

இதுல என்னை ரொம்ப ஆட்டி வெச்சது கல்லறை விஷயம். அங்க ஏழைங்களுக்கு அடுக்குக் கல்லறைல இடம் 5 வருஷ வாடகைக்குத்தான், கட்ட முடியலைன்னா எலும்பை வெளிய எடுத்துடுவாங்க. அப்படி வாடகை முடிஞ்ச, சுட்டுக் கொல்லப்பட்டவங்க எலும்பை ஒரு பாதிரியார் முயற்சி எடுத்து எடுக்க வெச்சு, ராகெல் ஃபோர்துன்ங்கிற தடயவியல் டாக்டர்கிட்ட குடுத்தாங்க. அவங்க பார்த்தா எலும்புல குண்டு பாய்ஞ்ச ஓட்டை, ஆனா சில பேரோட இறப்புச் சான்றிதழ்ல இயற்கை மரணம்னு இருக்கு. குடும்பமும் வேற வழி இல்லாம அந்தக் காகிதத்தை வாங்கிட்டுதான் அடக்கம் பண்ணியிருக்கு.

அந்த வாசகர் சொன்னதுல ஒண்ணு மட்டும் சரி, இது அரசியல் பழிவாங்கல்ங்கிறது. டுடெர்டே மகளும், பழைய அதிபர் மார்கோஸோட மகனும் 2022-ல ஒண்ணா சேர்ந்து நின்னு ஜெயிச்சவங்க, அப்போ ஹேக் கோர்ட்டுக்கு ஒத்துழைக்க மாட்டோம்னு சொன்னதும் அதிபரான இதே மார்கோஸ் மகன்தான். ரெண்டு குடும்பமும் முட்டிக்கிட்ட பிறகுதான் 2025 மார்ச் 11-ந் தேதி மணிலா ஏர்போர்ட்ல டுடெர்டே கைது, அன்னிக்கு ராத்திரியே பிளைட். அந்தக் கோர்ட்டுக்குன்னு ஒரு போலீஸ் கிடையாது, யாராவது பிடிச்சுக் குடுத்தாதான் உண்டு. வாரன்ட் இருந்தும் புடின் மங்கோலியாவுக்குப் போயிட்டு வந்தார், நெதன்யாகு ஹங்கேரிக்குப் போயிட்டு வந்தார், ஒருத்தரும் தொடல. அப்போ இது ஓரவஞ்சனைதான். ஆனா ஓரவஞ்சனைன்னு சொல்லி மாட்டினவனையும் விட்டுடணுமா? பெரிய இடத்து சண்டையில ஒரு கதவு திறந்துச்சு, அந்த வழியா செத்தவங்க அம்மாக்களோட கேஸ் உள்ள போயிடுச்சு, எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல.

வேடிக்கை என்னன்னா டுடெர்டே உள்ள இருந்துக்கிட்டே 2025 மே தேர்தல்ல தாவோ நகர மேயரா அமோகமா ஜெயிச்சுட்டார். ஜனங்க ரசிக்கிறாங்க, அங்க மட்டுமா, 2019-ல ஹைதராபாத் என்கவுன்டர் அன்னிக்கு இங்க போலீஸ் மேல பூ தூவினாங்களே. சுப்ரீம் கோர்ட் போட்ட கமிஷன் அது கொல்லணும்னே சுட்டதுன்னு 2022-ல சொன்னப்போ அந்தப் பூக்காரங்க ஒருத்தரையும் காணோம்.

ஒரு வேண்டுகோள் சார். டுடெர்டே கைதானப்போ விமானப் படம் போட்டு ரெண்டு பக்கம் எழுதினீங்க, அதுல அந்த 600 கிலோ பத்தி ஒரு வரி இல்ல. கஸ்டம்ஸை எப்படித் தாண்டுச்சு, அதுக்கப்புறம் யார் யாருக்கு என்ன ஆச்சுன்னு ஒரு கட்டுரை போடுங்க, அதைப் படிச்சுட்டு அந்த வாசகர் மறுபடி எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல்