முகம் உப்பினது மாத்திரையால்தான், ஆனாலும் நிறுத்தாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தி மகன் கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, முகம் இப்படி உப்பிப்போய்க் கிடக்கிறது, பெருங்குடல் அழற்சியால் வந்த வயிற்றுத் தொல்லையும் சரியாகிவிட்டது, அதற்குச் சாப்பிடும் ஸ்டீராய்டை இத்தோடு நிறுத்திவிடட்டுமா என்று நேற்று கேட்டாய். மருந்துக் கடையில் ஆட்கள் நின்றதால் வேண்டாம் என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட்டேன். ஏன் வேண்டாம் என்று இப்போது எழுதுகிறேன். வேலைக்கு நடுவே படிக்காதே, ராத்திரி உட்கார்ந்து நிதானமாகப் படி.

நம் எல்லோருக்கும் இரண்டு சிறுநீரகங்களின் மேலேயும் அட்ரினல் என்று சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. உடம்புக்கு வேண்டிய கார்ட்டிசோல் என்ற ஹார்மோனை அவைதான் சுரக்கின்றன. நீ சாப்பிடும் ஸ்டீராய்டான பிரட்னிசோலோன் கணக்கில் சொன்னால், அவை சுரப்பது ஒரு நாளைக்குச் சுமார் 5 மில்லிகிராம். உனக்கு ஆரம்பித்தது 40. இவ்வளவு வெளியிலிருந்து வரும்போது, சுரக்கச் சொல்லி மூளை அனுப்பும் உத்தரவு நின்றுபோகும். தெருவுக்கு லாரித் தண்ணீர் தாராளமாக வந்துகொண்டிருந்தால் வீட்டுக் கிணற்று மோட்டாரை யார் போடுகிறார்கள்? ஒருநாள் லாரி வராமல் போனால் அந்த மோட்டார் உடனே ஓடிவிடாது.

மூன்று, நான்கு வாரத்துக்கு மேல் இந்த மாத்திரையைச் சாப்பிட்டவர் எவரும் சட்டென்று நிறுத்தக் கூடாது என்பது அதனால்தான். நிறுத்தினால் அசதி, குமட்டல், வாந்தி, எழுந்தால் தலைசுற்றல் என்று ஆரம்பித்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உன் மாத்திரையின் குடும்பத்தைச் சேர்ந்த கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை முதன்முதலில் 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு ஊசியாகப் போட்டார்கள். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் அதற்கு நோபல் பரிசும் வந்தது. அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள், 1952-இல், கார்ட்டிசோன் சாப்பிட்டுவந்த ஒருவர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ரத்த அழுத்தம் விழுந்து இறந்துபோனதும் பதிவானது. சுரப்பிகள் சுருங்கிப் போயிருந்தன. இவ்வளவு காலமாகத் தெரிந்த விஷயம் இது. இருந்தும் இன்றைக்கும் ‘நல்லாயிடுச்சு, விட்டுட்டேன்’ என்று வந்து நிற்கிறவர்களைக் கடையில் பார்க்கிறேன்.

உன் டாக்டர் எழுதியிருப்பது நல்ல சீட்டு. வாரத்துக்கு 5 குறைத்து, எட்டு வாரத்தில் முடிகிறது. இப்போது 25-இல் இருக்கிறாய். காலெண்டரில் எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு என்று எழுதி, சாப்பிட்டதும் அடித்துவிடு. காலையில், சாப்பிட்ட பிறகு, ஒரே வேளையாகப் போடு. உடம்பின் சொந்தக் கார்ட்டிசோலும் விடியற்காலையில்தான் ஏறும். சாயங்காலம் போட்டால் ராத்திரி தூக்கம் போய்விடும். ஒருநாள் காலையில் மறந்துவிட்டால் அன்றைக்கே ஞாபகம் வந்ததும் போடு. மறுநாள் சேர்த்து இரண்டாகப் போடாதே.

கடைக்காரனாக ஒன்று சொல்கிறேன், கவனி. இந்த மாத்திரை 5, 10, 20, 40 என்று பல அளவில் வருகிறது, ஒரே கம்பெனியின் அட்டைகள் பார்க்க ஒன்று போலவே இருக்கும். அளவு குறையும்போது வீட்டில் இரண்டு மூன்று வகை அட்டை சேர்ந்துவிடும். 10 என்று நினைத்து 20-ஐப் போட்டுக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும். ஒவ்வொரு அட்டையிலும் பேனாவால் பெரிதாக அளவை எழுதி வை. ‘அந்தக் கம்பெனி இல்லை, இதுவும் அதேதான்’ என்று கடையில் கொடுத்தால் மருந்தின் பெயரைப் படித்துப் பார். மெத்தில்பிரட்னிசோலோன் 4 மில்லிகிராம் என்பது உன் மாத்திரையில் 5-க்குச் சமம், டெஃப்ளசகார்ட் என்றால் 6, டெக்சாமெத்தசோன் என்றால் முக்கால் மில்லிகிராமே போதும். பெயர் மாறினால் கணக்கே மாறிவிடும்.

உன் ரூம்மேட், ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்றாளாமே. ஜிம் பையன்கள் போட்டுக்கொள்வது வேறு சாதி மருந்து, அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கொரோனா சமயத்தை நினைத்துப் பார். 2020-இல் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வில், தினம் 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன், பத்து நாள் வரை கொடுத்ததில், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மறு வருடம் இங்கே என்ன நடந்தது? வாட்ஸப்பில் வந்த யாருடைய சீட்டையோ காட்டி, லேசான காய்ச்சலுக்கே அந்த மாத்திரையைக் கேட்டு வந்தார்கள். நான் கொடுக்கவில்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், ஸ்டீராய்டு அதிகமாகப் போன நிலையில், கருப்புப் பூஞ்சை வந்து கண்ணை இழந்ததை எல்லோரும் பார்த்தோம். மருந்து அதேதான். யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டில் சர்க்கரை இருக்கிறது, பாட்டிக்கும் எனக்கும். காலையில் வெறும் வயிற்றில் பார்த்து ‘நார்மல்’ என்று விட்டுவிடாதே. காலையில் போடும் இந்த மாத்திரை மத்தியானத்துக்கு மேல்தான் சர்க்கரையை ஏற்றும். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பார். பசி கண்டபடி எடுக்கும். உப்பு அதிகமுள்ள ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் கொஞ்ச நாள் தள்ளி வை. டாக்டர் எழுதிய கால்சியம், வைட்டமின் டி மாத்திரையை அலட்சியமாக விடாதே, எலும்புத் தேய்மானம் முதல் சில மாதங்களில்தான் வேகமாக நடக்கும். தொடை இடுக்கில் விடாமல் வலித்தாலோ கண் மங்கினாலோ உடனே சொல்.

தலைவலி, மாதவிலக்கு வலி என்று ஐபூப்ரோஃபனோ டைக்ளோஃபெனாக்கோ வாங்கிப் போடாதே. இதோடு சேர்ந்தால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும், உன் பெருங்குடல் அழற்சியும் கிளம்பும். பாராசிட்டமால் போதும். அந்த அழற்சிக்காகச் சாப்பிடும் மெசலமினை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதே. மறுபடி வராமல் காப்பது அதுதான், ஸ்டீராய்டு அந்த வேலையைச் செய்யாது. அளவு குறையும்போது மறுபடி மலத்தில் ரத்தம் போனால், நீயாகப் பழைய அளவுக்கு ஏற்றிக்கொள்ளாமல் டாக்டருக்கு போன் பண்ணு. வேறு மருந்துகள் இருக்கின்றன, அவர் பார்த்துக்கொள்வார்.

காய்ச்சலை இந்த மாத்திரை மறைத்துவிடும். லேசாகச் சுட்டாலும், இரண்டு வாரத்துக்கு மேல் இருமினாலும் அசட்டையாக இருக்காதே. வயிறு கடுமையாக வலித்தால் நேரே ஆஸ்பத்திரிதான். வாந்தியில் மாத்திரை தங்கவில்லை என்றாலும் அப்படித்தான், ஊசியாகப் போடவேண்டியிருக்கும். உனக்குச் சின்னதில் சின்னம்மை போட்டதில்லை. அம்மை போட்டவர்கள் பக்கத்தில் இருந்துவிட்டதாகத் தெரிந்தால் கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல். தடுப்பூசி எதுவானாலும் கேட்டுவிட்டுப் போடு.

அப்புறம், மனசு. காரணமே இல்லாமல் எரிச்சல், அழுகை, தூக்கமில்லாமை எல்லாம் இந்த மருந்தால் வரும். போன வாரம் அம்மாவிடம் கத்தினாயே, அவள் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ரூம்மேட்டிடமும் சொல்லி வை. ரொம்ப மாறிவிட்டதாக அவளுக்குத் தோன்றினால் எனக்கு போன் பண்ணட்டும்.

முகம் கல்யாணத்துக்குள் முழுசாக வடியாது, அதைச் சொல்லிவிடுகிறேன். அளவு குறையக் குறைய, முடித்த பிறகு சில மாதத்தில் பழையபடி ஆகும். பருவுக்கு என்று கடையில் ஏதாவது கிரீம் கேட்டு வாங்காதே. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் கலந்த கிரீம்களை முகத்துக்குப் பூசிப் பூசித் தோல் மெலிந்து சிவந்துபோன பெண்களைப் பார்த்திருக்கிறேன். 2018-இல் அவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசே ஆக்கிவிட்டது. கல்யாணத்தில் யாராவது குண்டாகிவிட்டாய் என்றால் மருந்து சாப்பிடுகிறேன் என்று சொல். அவ்வளவுதான்.

மாத்திரை முடிந்த பிறகும் ஒரு வருடத்துக்கு எந்த டாக்டரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும்கூட, இத்தனை நாள் பிரட்னிசோலோன் சாப்பிட்டேன் என்று முதலில் சொல். மருந்து, அளவு, தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி பர்ஸில் வை.

திங்கட்கிழமை 20 ஆரம்பிக்கிறாய். அதற்கு முன்னால் உன்னிடம் உள்ள அட்டைகளின் படத்தையும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்த சர்க்கரையையும் எனக்கு அனுப்பு.

அப்பா